கேல் ரத்னா கமிட்டி, சிப்காட் கிளை

தேசிய விளையாட்டு விருதுகளுக்கு ஆள் தேர்ந்தெடுக்க மத்திய அரசு வருஷா வருஷம் ஒரு குழு போடுகிறது. 2024ஆம் ஆண்டு விருதுகளுக்குப் போட்ட குழுவில் பன்னிரண்டு பேர். தலைவர், உச்ச நீதிமன்றத்திலிருந்து ஓய்வுபெற்ற நீதிபதி வி. ராமசுப்பிரமணியன். டில்லியில் கூடி, ஃபைல் பார்த்து, கையெழுத்துப் போட்டுவிட்டு அவர்கள் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பார்கள். தங்களுக்கு மேலே ஒரு மேல்முறையீட்டுக் குழு ஓசூர் சிப்காட்டில் உட்கார்ந்திருப்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

இந்தக் குழு கூடுவது டீக்கடையில். ஒரு பெஞ்சு, கவிழ்த்துப் போட்ட இரண்டு பெயிண்ட் டப்பா, சைடு ஸ்டாண்டு போட்ட ஸ்கூட்டர் ஒன்று. இருக்கை வசதி இவ்வளவுதான். முதல் ஷிஃப்டு விட்டு கம்பெனி பஸ் கிளம்புவதற்குள் கிடைக்கிற நேரத்தில் இந்திய விளையாட்டுத் துறை முழுவதும் விசாரிக்கப்பட்டுத் தீர்ப்பும் வழங்கப்பட்டுவிடும். கோரம் எல்லாம் கிடையாது. தலைவர் வந்துவிட்டால் கூட்டம் தொடங்கிவிட்டது.

தலைவர் என்றால் யூனியன் தலைவர் இல்லை, ரசிகர் மன்றத் தலைவரும் இல்லை. யார் வைத்த பேரோ, ஒட்டிக்கொண்டுவிட்டது. வயது ஐம்பதை ஒட்டி. கம்பெனி நீலச் சட்டை, பையில் இரண்டு பேனா, கழுத்தில் கழற்ற மறந்த ஐடி கார்டு, ஒரு கையில் ஹெல்மெட், அந்த ஹெல்மெட்டுக்குள் டிபன் பாக்ஸ். ஐடிஐ முடித்து அப்ரண்டிஸாக உள்ளே போனவர், இன்று குவாலிட்டி இன்ஸ்பெக்டர். இவர் ஒருவர்தான் என்று நினைத்துவிடாதீர்கள். ஜூஜூவாடி செக்போஸ்ட்டில் தொடங்கி சூளகிரி, கிருஷ்ணகிரி, பர்கூர் மாங்கூழ் ஃபேக்டரி வாசல் வரைக்கும் டீக்கடைக்கு ஒருவர் வீதம் இருக்கிறார். எனக்கு வாய்த்தவர் இவர்.

இவர் விளையாடி யாரும் பார்த்ததில்லை. கம்பெனி ஸ்போர்ட்ஸ் டேயில் கயிறு இழுக்கும் போட்டிக்குப் பேர் கொடுத்துவிட்டு அன்றைக்கென்று பார்த்து சிஎல் போட்டவர். ஆனால் விருது வரலாறு விரல் நுனியில். “அர்ஜுனா எந்த வருஷம்? 1961. மொத பேட்ச்சுலயே நம்ம ராமநாதன் கிருஷ்ணன், செஸ்ஸுக்கு மானுவல் ஆரோன். துரோணாச்சார்யா 85. கேல் ரத்னா மொத மொதல்ல யாருக்கு? நம்ம ஆனந்த், 91-92.” கேட்காமலே சொல்வார். நிறுத்தச் சொன்னாலும் சொல்வார். 2021இல் கேல் ரத்னாவிலிருந்து ராஜீவ் காந்தி பேரை எடுத்துவிட்டு தியான் சந்த் பேரை வைத்ததைப் பற்றி மட்டும், “அது அரசியல், நான் பேச மாட்டேன்” என்று சொல்லிவிட்டு, பஸ் ஹாரன் அடிக்கும்வரை பேசுவார். 1928, 32, 36 என்று மூன்று ஒலிம்பிக் தங்கம் எடுத்த தியான் சந்துக்குப் பாரத ரத்னா இல்லை, 2014இல் சச்சினுக்கு உண்டு என்கிற இடத்தில் குரல் தழுதழுக்கும். அவர் ஹாக்கி மேட்ச் ஒன்றையாவது முழுசாகப் பார்த்திருக்கிறாரா என்பது வேறு கேள்வி.

குவாலிட்டி வேலையில் கோ–நோகோ கேஜ் என்று ஒன்று உண்டு. துளை சரியாக இருக்கிறதா என்று பார்க்கிற சாமான். ஒரு முனை உள்ளே போக வேண்டும், மறுமுனை போகக் கூடாது. போனால் பீஸ் ரிஜெக்ட். தலைவர் விளையாட்டு வீரர்களையும் இப்படித்தான் சோதிக்கிறார். என்ன ஒன்று, கம்பெனி கேஜுக்குக் காலிபரேஷன் உண்டு, தேதி போட்டு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். டீக்கடை கேஜுக்கு அது கிடையாது. திங்கட்கிழமை, “ஒலிம்பிக் மெடல் இல்லாதவனுக்கு கேல் ரத்னா எதுக்கு?” என்பார். செவ்வாய்க்கிழமை அஸ்வின் பேச்சு வந்தால், “ஒலிம்பிக்குல அப்ப கிரிக்கெட்டு வெச்சானுங்களா? வெச்சிருந்தா அவன் எடுத்துட்டு வந்திருக்க மாட்டானா?” என்பார். 2021இல் கிரிக்கெட் வாரியம் கேல் ரத்னாவுக்கு மிதாலி ராஜ், அஸ்வின் இரண்டு பேரையும் பரிந்துரைத்தது. அந்த வருஷம் விருது மொத்தம் பன்னிரண்டு பேருக்கு. மிதாலி இருந்தார், அஸ்வின் இல்லை. தலைவருக்கு இன்றுவரை அது ஆறவில்லை. “பன்னெண்டு பேரைக் கூப்ட்டு உக்கார வெச்சியே, பதிமூணாவது ஆளுக்கு டில்லியில சேர் இல்லையா?”

அத்திப்பள்ளியிலிருந்து தினம் பார்டர் தாண்டி வேலைக்கு வரும் கன்னடக்காரர் ஒருவர் குழுவில் நிரந்தர உறுப்பினர். அவர் டீ கிளாஸைக் கீழே வைக்காமலே சொன்னார்: “ஏன் குரு, கும்ப்ளேக்கே குடுக்கல. அறநூத்திப் பத்தொம்போது விக்கெட்டு. டிராவிட்டுக்கும் இல்ல. நாங்க அழுதமா?” தலைவர் அப்புறம் கொஞ்ச நேரம் பேசவில்லை. பேசாமல் இருந்தால் ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று தோன்றியதோ என்னவோ, வடையில் உப்பு ஜாஸ்தி என்றார்.

குழுவின் மற்ற உறுப்பினர்களையும் சொல்லிவிடுகிறேன். பாகலூர்க்காரர் ஒருவர், வீட்டில் தெலுங்கு, ஓட்டு தமிழ்நாட்டில், சம்பளம் சிப்காட்டில், மனை வாங்கியிருப்பது கர்நாடகப் பக்கம். ஒடிசாவிலிருந்து வந்த கான்ட்ராக்ட் பையன் ஒருவன். ஊரில் ஹாக்கி ஆடியவன். குழுவில் உண்மையாகவே மட்டை பிடித்த கை அவனுடையது ஒன்றுதான். அதனால் அவனை யாரும் பேச விடுவதில்லை. கடை நடத்தும் அக்கா ஓட்டுரிமை இல்லாத பார்வையாளர். அவருக்கு வாயைவிடக் காது கூர்மை.

2024 டிசம்பரில்தான் குழுவுக்கு உச்சகட்ட வேலை வந்தது. 12ஆம் தேதி சிங்கப்பூரில் குகேஷ், டிங் லிரெனை ஏழரைக்கு ஆறரை என்று வென்று பதினெட்டு வயதில் உலக செஸ் சாம்பியன். தமிழ்நாடு அரசு ஐந்து கோடி அறிவித்தது. ஆந்திர முதல்வர் சந்திரபாபு நாயுடு எங்கள் தெலுங்குப் பையன் என்று வாழ்த்துச் செய்தி போட்டார். விட்டாரா பாகலூர்க்காரர்?

“குகேஷ் மனவாடு அண்ணா. பேரைப் பாருங்க, தொம்மராஜு.”

“சென்னையில பொறந்து, சென்னையில படிச்சு, சென்னையில செஸ் கத்துக்கிட்ட பையன்யா. உங்காளா?”

“அப்ப நான் யாரு? நான் ஓசூர்ல பொறந்து ஓசூர்ல படிச்சவன். என்னை மட்டும் தெலுங்குக்காரன்னு கூப்புடறீங்களே?”

நியாயமான கேள்வி. மூன்று பாஷையும் ஒரே வாக்கியத்தில் வந்து போகிற ஊரில் இதற்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. அதனால் குகேஷுக்கு கேல் ரத்னா ஏகமனதாக நிறைவேற்றப்பட்டு, அவர் யாருடைய ஆள் என்பது மட்டும் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது.

பத்து நாள் கழித்து அடுத்த குண்டு விழுந்தது. பாரிஸ் ஒலிம்பிக்கில் துப்பாக்கி சுடுதலில் இரண்டு வெண்கலம் வாங்கிய மனு பாக்கர் பேர் பரிந்துரைப் பட்டியலில் இல்லை என்று செய்தி. சுதந்திர இந்தியாவில் ஒரே ஒலிம்பிக்கில் இரண்டு மெடல் வாங்கிய முதல் ஆள். அவர் விண்ணப்பமே வரவில்லை என்று ஒரு தரப்பு, அனுப்பினோம் என்று வீட்டார். கடைசியில் மனுவே, மனு போட்டதில் தன் பக்கம் ஏதோ விடுபட்டிருக்கலாம் என்று சொல்லிவிட்டார்.

அன்றைக்குத் தலைவரைப் பார்த்திருக்க வேண்டும். முகம் சிவந்துவிட்டது. “ஃபாரம் போடலைன்னா? ஊரே டிவியில பாத்துச்சு. கழுத்துல மெடல் தொங்குது. பிரதமர் கூப்ட்டு ஃபோட்டோ எடுத்துக்கறார். அப்புறமும் அந்தப் பொண்ணு ‘ஐயா, நான் மெடல் வாங்கினேன், எனக்கு விருது குடுங்க’ன்னு ஆன்லைன்ல அப்ளை பண்ணணுமா?”

இந்தக் கோபம் மனு பாக்கருக்காக வந்த கோபம் இல்லை என்று எனக்குப் பட்டது. விசாரித்தேன். சில வருஷம் முன்னால் தலைவரின் கம்பெனியில் செல்ஃப் அப்ரைசல் ஃபாரம் வந்தது. வருஷத்தில் நீ என்ன சாதித்தாய், நீயே எழுது என்று நாலு பக்கம். லைனில் ஓடிய ஒரு பெரிய ரிஜெக்ஷனை இரவோடு இரவாகப் பிடித்துக் கொடுத்தவர் அவர். ‘அதான் எல்லாருக்கும் தெரியுமே’ என்று அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டார். ரேட்டிங், ‘மீட்ஸ் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’. அதே லைனில் அவரிடம் வேலை கற்றுக்கொண்ட ஜூனியர் நாலு பக்கம் போதாமல் தனித்தாள் இணைத்து எழுதினான். அவன் இன்றைக்கு இவருக்கு சூப்பர்வைசர்.

இது புரிந்த பிறகுதான் ஓசூரில் விருது விவாதம் ஏன் இவ்வளவு சூடாக நடக்கிறது என்று எனக்கு விளங்கிற்று. லாரியும் ஸ்கூட்டரும் கைக்கடிகாரமும் செய்கிற ஊர் இது. ஒவ்வொருவர் வேலைக்கும் பாயிண்ட் உண்டு, டார்கெட் உண்டு, சுவரில் மாசத்துக்கு ஒரு ‘பெஸ்ட் ஆபரேட்டர்’ ஃபோட்டோ உண்டு. அந்த ஃபோட்டோவுக்குக் கீழே நின்று ‘இவனுக்கா?’ என்று முணுமுணுக்காதவர் சிப்காட்டில் கிடையாது. தன் இன்கிரிமெண்டைப் பற்றி வெளியே கத்த முடியாது. மானம் போகும், மேனேஜர் காதுக்கும் போகும். மல்யுத்த வீரர் பஜ்ரங் பூனியாவுக்காகக் கத்தினால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். 2018இல் கேல் ரத்னாவுக்கு பஜ்ரங் கணக்கில் 80 பாயிண்ட், விராட் கோலி கணக்கில் பூஜ்யம், விருது கோலிக்கு என்ற செய்தியைத் தலைவர் சொல்கிற தோரணையைக் கேட்டால், அவர் கோலி என்று உச்சரிக்கும் ஒவ்வொரு தடவையும் அந்த சூப்பர்வைசரின் முகம் நம் கண் முன்னால் வந்து நிற்கும். மறு வருஷம் பஜ்ரங்குக்கும் விருது கொடுத்துவிட்டார்கள். தலைவர் அதைச் சொல்வதில்லை. சொன்னால் கதை கெட்டுவிடும்.

பாயிண்ட் பேச்சு வந்தால் 2015 வழக்கு வராமல் போகாது. அது கன்னடக்காரரின் பிரம்மாஸ்திரம். அந்த வருஷம் கேல் ரத்னா சானியா மிர்சாவுக்கு. பெங்களூரில் கர்நாடக உயர் நீதிமன்றத்தில் ஒருவர் வழக்குப் போட்டார்: ஹாசன் மாவட்டத்துக்காரர் கிரீஷா, 2012 லண்டன் பாராலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் வெள்ளி வென்றவர். அமைச்சகத்தின் பாயிண்ட் கணக்குப்படி தனக்கு 90, விருது தனக்கு ஏன் இல்லை என்று கேட்டார். அந்தக் கணக்கு ஒலிம்பிக், பாராலிம்பிக், ஆசிய விளையாட்டு, உலகப் போட்டி என்று போகும். விம்பிள்டனுக்கு அதில் இடம் இல்லை. சானியா அந்த வருஷம் விம்பிள்டன் இரட்டையர் பட்டம் வென்றிருந்தார். நீதிமன்றம் நோட்டீஸ் அனுப்பியது. ஆனாலும் ஆகஸ்ட் 29 அன்று ராஷ்டிரபதி பவனில் விருது சானியாவுக்கே போயிற்று.

“பாயிண்ட்டு 90 குரு. கோர்ட்டு வாசலுக்குப் போனாரு. கெடைக்கல” என்று கன்னடக்காரர் முடித்தார்.

வேறு யாராவது சொல்லியிருந்தால் தலைவர் கிரீஷாவுக்காகக் கண்ணீர் விட்டிருப்பார். அவர் கட்சிதான் இது. பாயிண்ட் இருந்தும் ஜூனியருக்குப் போன கதை. சொன்னது அத்திப்பள்ளிக்காரர் என்பதுதான் இடித்தது. “கிரீஷாவுக்கு வெள்ளி. அதே உயரம் தாண்டுதல்ல 2016ல ரியோவுல தங்கம் எங்க மாரியப்பன். சேலம் பெரியவடகம்பட்டி. 2020ல கேல் ரத்னா. கோர்ட்டுக்கா போனான்? தாண்டிட்டு வந்தான், வாங்கிட்டு வந்தான்.” கன்னடக்காரர் பதிலுக்குக் கன்னடத்தில் என்னமோ சொன்னார். பாகலூர்க்காரர் அதைத் தெலுங்கில் சமாதானப்படுத்தினார். காவிரிப் பேச்சு எழும் போலிருந்த நேரத்தில் பஸ் ஹாரன் அடித்தது. கிரீஷாவும் மாரியப்பனும் நேரில் சந்தித்தால் தோளில் கைபோட்டு டீ குடித்துவிட்டுப் போவார்கள் என்றுதான் நான் நினைக்கிறேன்.

விருதே வேண்டாம் என்று சொன்ன ஆளும் தலைவரின் கோயிலில் உண்டு. 2001இல் அர்ஜுனா கொடுத்தபோது மில்கா சிங் வாங்க மறுத்தார். “அது ரோஷம்! நாப்பது வருஷம் கழிச்சுக் குடுத்தா மூஞ்சியில அடிச்ச மாதிரி வேணாம்ட்டாரு பாரு.” இதே தலைவர் இருபத்தைந்து வருஷ சர்வீசுக்குக் கம்பெனி கொடுத்த வெள்ளிக் காசை, எடை குறைவு என்று ஒரு வாரம் புலம்பினார். திருப்பிக் கொடுக்கவில்லை. பூஜை அறையில் இருக்கிறது.

2025 ஜனவரி 2 அன்று இறுதிப் பட்டியல் வந்தது. கேல் ரத்னா நால்வருக்கு: குகேஷ், ஹாக்கி கேப்டன் ஹர்மன்பிரீத் சிங், பாராலிம்பிக் உயரம் தாண்டுதலில் தங்கம் வென்ற பிரவீன் குமார், அப்புறம் மனு பாக்கர். மனுவைச் சேர்த்தது தன்னுடைய வெற்றி என்றே தலைவர் எடுத்துக்கொண்டார். அன்று எல்லோருக்கும் டீ அவர் கணக்கில். கேல் ரத்னாவுக்கு 25 லட்சம், அர்ஜுனாவுக்கு 15 லட்சம் என்றதும் பேச்சு, அந்தப் பணத்துக்கு ராயக்கோட்டை ரோட்டில் மனை வருமா வராதா என்று திரும்பிற்று. ஓசூரில் எந்தப் பேச்சும் கடைசியில் மனையில்தான் போய் முடியும்.

அப்போதுதான் கடைக்கார அக்கா பஜ்ஜிக்குப் பேப்பர் கிழித்துக்கொண்டிருந்தவர், ஒரு துண்டைக் கிழிக்காமல் நிறுத்தினார். எண்ணெய் பட்டு எழுத்து அந்தப் பக்கத்துக்கு ஊறிப்போயிருந்தது. கல்லா மேசையில் வைத்துக் கையால் நீவிவிட்டுப் படித்தார்.

“ஏண்ணா, இந்த அர்ஜுனா பட்டியல்ல நம்மூரு பொண்ணு இருக்குதே, நித்யஸ்ரீ. நீங்க ஒருத்தரும் அதைப் பத்திப் பேசவே இல்லையே?”

சத்தம் அடங்கிவிட்டது. ஒடிசாப் பையன்கூட நிமிர்ந்து பார்த்தான்.

நித்யஸ்ரீ சிவன், ஓசூர்ப் பெண். 2005இல் பிறந்தவர். பாரிஸ் பாராலிம்பிக்கில் பாரா பேட்மிண்டன், குள்ள உருவத்தினருக்கான எஸ்ஹெச்6 பிரிவு, வெண்கலம். மூன்றாவது இடத்துக்கான ஆட்டத்தில் இந்தோனேசியாவின் ரினா மர்லினாவை 21-14, 21-6 என்று நேர் செட்டில் முடித்தார். அர்ஜுனா வாங்கிய 32 பேரில் 17 பேர் பாரா வீரர்கள். அதில் தமிழ்நாட்டுப் பேட்மிண்டன் பெண்கள் மட்டும் மூன்று பேர், துளசிமதி, மனிஷா, நித்யஸ்ரீ. மனு பாக்கரின் ஃபாரம் எந்தக் கம்ப்யூட்டரில் காணாமல் போனது என்று துப்புத் துலக்கிக்கொண்டிருந்த குழுவுக்கு, தங்கள் ஊர்ப் பெண் பாரிஸ் போய் மெடலோடு வந்தது தெரியாது. பட்டியலில் கேல் ரத்னாவுக்குக் கீழே யாரும் படிக்கவில்லை.

தலைவர் ஒரு மிடறு டீ குடித்தார். துண்டை எடுத்து வாயைத் துடைத்தார்.

“எனக்குத் தெரியும்மா. செப்டம்பர்லயே தெரியும். லோக்கல் பொண்ணுங்கறதால, நானே எடுத்துச் சொன்னா ஒருதலைப்பட்சம்னு சொல்லுவீங்க. அதான் வாயைத் தொறக்கல.”

அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. பெயிண்ட் டப்பாவை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “ஆனா ஒண்ணு கேக்கறேன். அந்தப் பொண்ணுக்கு எதுக்கு அர்ஜுனா? பாராலிம்பிக் மெடல்யா! கேல் ரத்னா ஏன் குடுக்கல? அதைக் கேக்கறதுக்கு இந்த ஊர்ல ஒரு ஆள் இருக்கானா?” பஸ் போய்விட்டது. அவர் கவலைப்படவில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஃபிளெக்ஸ் வைப்பது என்றும் முடிவாயிற்று. வாழ்த்துவோர் வரிசையில் யார் ஃபோட்டோ முதலில் என்ற தகராறில் அது இன்னும் அச்சுக்குப் போகவில்லை.

தலைவர் நல்ல மனிதர். கடன் கேட்டால் கொடுப்பார், ரத்தம் வேண்டுமென்றால் முதல் ஆளாகப் போய்ப் படுப்பார். இப்படி ஆசாமிகள் இல்லாவிட்டால் அர்ஜுனா, கேல் ரத்னா என்ற பேர்களே ஊரில் யார் வாயிலும் வராது என்பதும் வாஸ்தவம். எனக்கு அவர் மேல் ஒரே ஒரு வருத்தம்தான். அவர் மகள் ஒன்பதாவது படிக்கிறாள். பள்ளிக்கூடத்துக் கபடி டீமில் சேர்த்து வெளியூர்ப் போட்டிக்குக் கூட்டிப்போக, பெற்றோர் சம்மதக் கடிதம் கேட்டு ஒரு தாள் கொடுத்துவிட்டிருந்தார்கள். ‘அடுத்த வருஷம் பத்தாவது, அதெல்லாம் ஒண்ணும் வேணாம்’ என்று சொல்லிவிட்டார். இந்தச் சேதியைச் சொன்னது அவர் வீட்டுக்காரம்மா, எங்கள் கடைக்கார அக்காவிடம். பி.டி. பீரியடில் கணக்கு நடத்தச் சொல்லி டீச்சரைத் தலைவர் போய்ப் பார்த்துவிட்டும் வந்திருக்கிறார்.

ஓசூர்ப் பக்கம் வருகிறவர்கள் யாராவது, முதல் ஷிஃப்டு விடுகிற நேரமாகப் பார்த்து அந்த டீக்கடைக்குப் போய், அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டாயிற்றா என்று அவரிடம் கேட்டால் புண்ணியமாகப் போகும். எங்களால் கேட்க முடியாது. டீக் கணக்கு அவர் பேரில் ஓடுகிறது.